யாருடைய மானம், ஐயா?

முருகனின் சினம் தணிந்த இடம், அதனால்தான் தணிகை என்பார்கள். அந்த மலையின் அடிவாரத்தில் உட்கார்ந்துதான் சென்ற இதழில் வந்த மறுப்புக் கட்டுரையைப் படித்தேன். மறுபடியும் படித்தேன். எனக்குத் தணியவில்லை.

விஷயம் இதுதான். திருத்தணி வரலாற்றைத் தொகுத்து மலர் ஒன்று கொண்டுவர ஊரில் பேச்சு நடக்கிறது. இங்கே பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணனுக்கு ஒரு கட்டுரை. இந்த மலையில்தான் முதல் கீர்த்தனையைப் பாடினார் என்று சொல்லப்படும் முத்துசுவாமி தீட்சிதருக்கு ஒரு கட்டுரை. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்கு இன்னொன்று. இந்த வரிசையில், கோயில் ஆடல்மகளாக இருந்த பி. ரங்கநாயகி அம்மாளுக்கும் ஒரு பக்கம் கொடுங்கள் என்று எழுதினேன். எகிப்தில் பெல்லி டான்ஸ் ஆடிய தஹியா கரியோகாவுக்கு எட்வர்ட் சயீத் கட்டுரை எழுதி மரியாதை செய்தார், நம் ஊர்க்காரருக்கு நாம் ஒரு பக்கம்கூடவா எழுத மாட்டோம் என்று ஒரு வரி சேர்த்தேன். அவ்வளவுதான். நான்கு பக்கத்தில் பதில் வந்துவிட்டது.

எழுதியவர் வயதில் மூத்தவர், ஊரில் மதிப்புள்ளவர். பெயரைச் சொல்லப்போவதில்லை. அவர் வாதங்கள் மட்டும் போதும். கோயிலில் பெண்கள் ஆடும் வழக்கமே தணிகை மலையில் கிடையாது என்று தொடங்குகிறார். அடுத்த பக்கத்தில், இருந்தவர்கள் தெலுங்குப் பாட்டுப் பாடியவர்கள், நமக்கு உரியவர்கள் அல்லர் என்கிறார். அதற்கடுத்த பக்கத்தில், முத்துலட்சுமி ரெட்டி ஒழித்த தேவதாசி முறை என்ற அசிங்கத்தை ஏன் மறுபடி கிளறுகிறீர்கள் என்று கோபப்படுகிறார். இல்லாததை ஒழிக்க முடியாது, ஐயா. ஒழித்ததை இல்லை என்று சொல்லவும் முடியாது. மூன்றில் எது உங்கள் வாதம் என்று முதலில் முடிவு செய்துகொண்டு எழுத உட்கார்ந்திருக்கலாம்.

நீங்கள் முடிவு செய்யாததால் மூன்றுக்கும் நானே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த ‘கிடையாது’. சாஸ்கியா கெர்சன்பூம் என்ற நெதர்லாந்துப் பெண்மணி எங்கள் ரங்கநாயகி அம்மாளைத் தேடி வந்து, அவரிடம் உட்கார்ந்து பாடமாகவே கற்றுக்கொண்டார். 1987இல் டெல்லியில் அவருடைய ‘நித்யசுமங்கலி’ நூல் வெளிவந்தது. 1991இல், திருத்தணிக் கோயில் ஆடல்மகளிர் என்னென்ன பாடினார்கள், எவற்றுக்கு ஆடினார்கள் என்பதற்கென்றே தனிக் கட்டுரை எழுதினார். கட்டுரையின் தலைப்பிலேயே திருத்தணி இருக்கிறது. உலகத்தில் எங்கெங்கோ நூலகங்களில் இருக்கிற அந்தப் பெயர் திருத்தணியில் அச்சாகப் போகும் மலரில் மட்டும் இருக்கக்கூடாதாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவரையாவது புரிந்துகொள்ளலாம், சோறாவது அவர் வீட்டுச் சோறு. பக்கத்து வீட்டு இலையில் எல்லோரும் பார்க்கப் பரிமாறியாகிவிட்ட பூசணிக்காயை இவர் எப்படி மறைப்பார்?

சான்று என்றால் கல்வெட்டு வேண்டும், வெளிநாட்டுக்காரி எழுதினால் போதாது என்கிறார் பெரியவர். நல்லது. எங்கள் ஊர் வீரட்டானேசுவரர் கோயிலில் பல்லவன் அபராஜிதன் காலத்துக் கல்வெட்டும், அரசனே இயற்றியதாகப் பொறித்த வெண்பாவும் இருப்பதைப் பெருமையாகக் காட்டுகிறவர்தான் அவர். அதே கண்ணோடு தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் ஒருமுறை போய்வரட்டும். ராஜராஜன் அங்கே தளிச்சேரிப் பெண்டுகள் எனப்பட்ட கோயில் ஆடல்மகளிர் 400 பேரைக் குடியமர்த்தினான். யார் எந்தத் தெருச் சிறகில், எத்தனையாவது வீட்டில் இருந்தாள், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள் என்பதெல்லாம் கல்லில் இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். இன்றைக்கு ஓர் அலுவலகச் சம்பளப் பட்டியலைக்கூட இவ்வளவு ஒழுங்காக எழுதுவதில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒரு சக்கரவர்த்திக்கு நானூறு பெயர்களைக் கல்லில் வெட்டுவதில் கூச்சம் இருக்கவில்லை. நமக்கு ஒரே ஒரு பெயரைத் தாளில் அச்சிடக் கூச்சம்.

அடுத்தது தெலுங்கு. எல்லையோர ஊரில் நின்றுகொண்டு இதைச் சொல்ல மிகுந்த துணிச்சல் வேண்டும். இங்கே தேநீர்க் கடையில் ஒரு வாக்கியம் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிகிறது, யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. இந்த மலை கார்வேட்டிநகர ஜமீனைச் சேர்ந்ததாக இருந்தது. அந்த அரண்மனை சாரங்கபாணியின் பதங்களையும் கோவிந்தசாமய்யாவின் வர்ணங்களையும் வளர்த்த இடம். அந்த வர்ணங்களையும் பதங்களையும் இன்று சென்னை சபாக்களில் டிக்கெட் வாங்கிக் கேட்கிறோம், மொழி கேட்டு எழுந்து போவதில்லை. தீட்சிதர் இந்த மலையில் பாடியது சமஸ்கிருதத்தில். அவர் நமக்கு உரியவர், மலரில் முதல் கட்டுரை அவருக்கு. ராதாகிருஷ்ணன் தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவர். அவரும் நமக்கு உரியவர், அட்டைப்படமே அவர்தான். ரங்கநாயகி அம்மாள் தமிழும் தெலுங்கும் சமஸ்கிருதமும் கலந்த உருப்படிகளை முருகனுக்குப் பாடினார். அவர் மட்டும் அயலார். ஆண்களிடம் கேட்காத பிறப்புச் சான்றிதழைப் பெண்ணிடம் மட்டும் கேட்கிறது இந்தத் தமிழ்ப்பற்று.

தேதிகளையும் பார்த்துவிடலாம். ரங்கநாயகி அம்மாளுக்குக் கோயிலில் பொட்டுக் கட்டியது, அந்த வழக்கத்தை ஒழித்த சட்டம் வருவதற்கு முந்தைய தலைமுறையில். அப்போது திருத்தணி சென்னை மாகாணத்துச் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது அந்தப் பக்கம் போனது. எல்லை குறித்த படாஸ்கர் தீர்ப்புக்குப் பிறகு 1960 ஏப்ரல் முதல் தேதி இந்தப் பக்கம் வந்தது. எல்லைக்கோடுதான் அங்கும் இங்கும் நடந்தது. அவர் பாடிய முருகன் இருந்த இடத்திலேயே இருந்தான்.

இனி அவர் செய்த வேலைக்கு வருகிறேன். ‘ஆட்டம் போட்டவர்’ என்று இரண்டே சொல்லில் பெரியவர் முடித்துவிட்டார். அந்த வேலை என்ன என்று தெரிந்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார். தெரிந்தும் எழுதியிருந்தால் அது வேறு வகை.

நம் வீட்டு வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். கல்யாணம் முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் வந்து நிற்கிறார்கள். தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவப்பு நீர், வெற்றிலைமேல் கற்பூரம். ஆலம் சுற்றுகிறார்கள். ஊர்க் கண்ணெல்லாம் பட்டிருக்கிறதே, அதைக் கழிக்க. யார் சுற்றுகிறார்கள்? சுமங்கலி. தட்டைத் தூக்கக் கை நீளுகிற அத்தை விதவையாக இருந்தால், யாராவது ஒருவர் மெல்ல அவரை நகர்த்திவிடுவார். இந்தக் கொடுமையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சிலர் அப்படி நகர்த்தவும் செய்திருக்கிறோம்.

கோயிலுக்கும் அதே கணக்குத்தான். வீதி உலா போய்விட்டு வரும் சாமிமேல் ஆயிரம் கண் பட்டிருக்கும். உள்ளே எழுந்தருளும் முன் அதைக் கழிக்க வேண்டும். கழிக்கிறவள் நாளைக்கு விதவையாகிவிடக் கூடாதவளாக இருக்க வேண்டும். சாவே இல்லாத சாமியைக் கட்டிக்கொண்டவள் அறுக்கவே முடியாத தாலிக்காரி. அவள்தான் நித்யசுமங்கலி. குடத்தின் வாயில் விளக்கை ஏற்றி, இரண்டு கையாலும் தூக்கி, சாமிக்கு முன்னால் சுற்றி இறக்குவாள். அதுதான் கும்ப ஆரத்தி. அர்ச்சகர் காட்டும் தீபாராதனை ஒரு வேலை, இது இன்னொரு வேலை. ஒன்றை மற்றவர் செய்ய முடியாது. இரவில் சாமியைப் பள்ளியறைக்கு அனுப்பும் லாலி, திருவிழாவில் ஊஞ்சல், நலங்கு என்று வேளைக்கு வேளை பாட்டு உண்டு. ரங்கநாயகி அம்மாள் இவற்றைப் பாட்டியிடமிருந்து கற்று, மனத்திலேயே வைத்திருந்து, கேட்டு வந்தவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். நாதஸ்வரக்காரருக்கும் ஓதுவாருக்கும் திருக்கோயில் வரலாற்றில் இடம் இருக்கிறது. ஆரத்திக் குடம் தூக்கியவருக்கு ஏன் இல்லை?

பெரியவரிடம் இருக்கும் பெரிய ஆயுதம் முத்துலட்சுமி ரெட்டியின் பெயர். அதைத்தான் கேடயமாகப் பிடித்திருக்கிறார். அதனால் இதில் ஒளிவுமறைவு இல்லாமல் பேசவேண்டும்.

பொட்டுக்கட்டு ஒழிந்தது நல்லது. விவரம் தெரியாத வயதில் ஒரு பெண்ணை உட்காரவைத்து, அவளைக் கேட்காமலே அவள் வாழ்க்கையை முடிவு செய்த வழக்கம் அது. ஜமீன்தாரும் மிராசுதாரும் அதை வைத்து என்ன செய்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். சாமிக்குக் கட்டிய பொட்டின் பலனை ஆசாமிகள் அனுபவித்தார்கள். பழைய காலத்தை நினைத்து உருகுகிறவன் நான் இல்லை. இந்தக் கட்டுரைக்கு ‘ஆகா, அந்தக் கலை’ என்று கடிதம் எழுத நினைப்பவர்களும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும்.

ஆனால் அந்த வழக்கத்தை ஒழித்தவர்கள் யார், எப்படி ஒழித்தார்கள் என்று பார்க்க வேண்டாமா? முத்துலட்சுமி ரெட்டியின் தாய் சந்திரம்மாள் தேவதாசிச் சமூகத்தில் பிறந்தவர். மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரின் வாழ்க்கை அதற்குள்ளேயே தொடங்கியது. அவர் 1936இல் ‘தாசிகள் மோசவலை’ நாவலை எழுதி எல்லாவற்றையும் தெருவுக்குக் கொண்டுவந்தார். மூடி வையுங்கள் என்று இருவரில் ஒருவரும் சொல்லவில்லை. திறந்துகாட்டித்தான் ஒழித்தார்கள். கோயில் பணி செய்தால்தான் மானிய நிலம் என்றிருந்த முடிச்சை 1929ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் அவிழ்த்தது. பணியிலிருந்து விடுதலை, நிலம் அந்தப் பெண்ணுக்கே. அதாவது முத்துலட்சுமி ரெட்டி அந்தப் பெண்களை ஏதோ ஓர் அசிங்கமாகப் பார்க்கவில்லை. உரிமை கொடுக்க வேண்டிய ஆட்களாகப் பார்த்தார். அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு அதே பெண்களின் பெயரை அழிக்கக் கேட்பது, அவருக்குச் செய்யும் மரியாதையா?

அந்தப் பெண்களிலேயே எதிர்த்துப் பேசியவர்களும் உண்டு. பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்றவர்கள் அரசுக்கு எழுதிப் போராடினார்கள். அவர்கள் வாதம் தோற்றது. தோற்றது என்பதற்காக அவர்களுக்கு வாயே இருக்கவில்லை என்று ஆகிவிடாது. திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குக் கோயில் எழுப்பியவர் அதே நாகரத்தினம்மாள்தான். ஆண்டுதோறும் ஆராதனையில் பஞ்சரத்தினம் பாடும் பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருப்பது ஒரு தாசி தன் காசில் கட்டிய இடத்தில்.

1947இல் சட்டம் வந்தது. அதில் ஓர் உட்பிரிவைப் பெரியவர் ஒருமுறை படித்துப் பார்க்கலாம். கோயில் வளாகத்திலும், சாமி ஊர்வலத்திலும், கோயில் விழாவிலும் பெண் ஆடுவதைச் சட்டவிரோதம் என்கிறது அது. கும்ப ஆரத்தியுடன் ஆடினாலும் சரி, இல்லாமல் ஆடினாலும் சரி என்று சேர்த்தே சொல்கிறது. அந்தக் குடத்தையும் விளக்கையும் சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. தடை செய்வதற்காகவாவது அதன் பெயரைச் சரியாக எழுதினார்கள். உங்களுக்கு அந்த நேர்மையும் இல்லை.

அந்தச் சட்டத்துக்குப் பிறகு கோயிலில் பெண்கள் ஆடுவது நின்றுவிட்டதா? 1981 முதல் சிதம்பரத்தில் நாட்டியாஞ்சலி நடக்கிறது. நடராஜருக்கு முன் ஆட வெளிநாட்டிலிருந்தெல்லாம் பெண்கள் வருகிறார்கள். யாரும் முகம் சுளிப்பதில்லை, முன்வரிசைக்குத்தான் போட்டி. ஆட்டம் நிற்கவில்லை. ஆடியவர்கள் மாறினார்கள். 1931 மார்ச்சில் சென்னை மியூசிக் அகாடமி மேடையில் கல்யாணி அம்மாளின் மகள்கள் ஆடினார்கள். ஏற்பாட்டின் பின்னால் இருந்தவர் இ. கிருஷ்ணய்யர். நாலைந்து ஆண்டுக்குள் ருக்மிணி தேவி அடையாறில் மேடையேறினார், 1936இல் கலாக்ஷேத்ரா வந்தது, தேவதாசிகளின் சதிர் பரதநாட்டியம் ஆனது. வித்தையை வாங்கிக்கொண்டோம். வித்தையைக் கொடுத்தவரிடம், பின்வாசல் வழியாகப் போய்விடம்மா என்றோம். உங்கள் பேத்தி சலங்கை பூஜை போட்டாள் என்று அழைப்பிதழ் கொடுத்தீர்களே, ஐயா, நானும் வந்து சாப்பிட்டேனே. அன்று அவள் ஆடிய ஜதீஸ்வரம் யார் வீட்டுச் சொத்து?

கடைசியாக எகிப்து. தணிகேசனுக்குப் பாடியவரை மதுக்கூடத்தில் இடுப்பாட்டியவளோடு ஒப்பிட்டேன் என்பதுதான் கட்டுரையிலேயே சூடான பத்தி. கவனியுங்கள்: முதல் பக்கத்தில் ‘இல்லாதவர்’, மூன்றாம் பக்கத்தில் ‘அசிங்கம்’, நான்காம் பக்கத்தில் திடீரென்று ‘தணிகேசனுக்குப் பாடியவர்’. வெளிநாட்டுக்காரியோடு சேர்த்துச் சொன்னதும் நம்மவர் புனிதமாகிவிட்டார். அப்படியென்றால் அந்தப் பக்கத்தைக் கொடுத்துவிடுங்கள், வழக்கு முடிந்தது.

ஒப்பீட்டையும் நான் விடப்போவதில்லை. கெய்ரோவின் கவாஸி ஆட்டக்காரிகளை 1834இல் முகமது அலி பாஷா நகரைவிட்டுத் தெற்கே எஸ்னா, கெனா பக்கம் துரத்தினார். ஊர் மானத்தைக் காப்பாற்ற என்றுதான் அங்கேயும் சொன்னார்கள். பதினாறு ஆண்டு கழித்துப் பிரெஞ்சு எழுத்தாளர் ஃப்ளோபேர் படகேறி எஸ்னாவுக்கே போய் அவர்களைப் பார்த்து எழுதினார். துரத்தியதால் ஆட்டம் போகவில்லை, விலாசம்தான் மாறியது. பாடவும் கவி சொல்லவும் தெரிந்த பெண்களுக்கு அங்கே ‘அவாலிம்’ என்று பெயர். கற்றறிந்தவர்கள் என்று பொருள். நாளடைவில் அந்தச் சொல் கீழே இறங்கி இறங்கி, மலிவான ஆட்டக்காரியைக் குறிக்கத் தொடங்கியது. நமக்கு இது புதுக் கதையா? ‘தேவரடியார்’ என்றால் கடவுளுக்குத் தொண்டு செய்பவர். அந்தச் சொல் எங்கே வந்து நிற்கிறது என்று தெரிய வேண்டுமானால் எந்தப் பேருந்து நிலையத்திலும் ஐந்து நிமிடம் நின்றால் போதும். ஒரு பட்டத்தை வசவாக்க இரண்டு நாடுகளும் ஒரே வழியைத்தான் கண்டுபிடித்திருக்கின்றன.

தஹியா இஸ்மாயிலியாவிலிருந்து ஓடிவந்த பெண். பதியா மஸப்னியின் கேளிக்கை அரங்கில் சேர்ந்து பெயர் வாங்கினார். நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார். அரசியல் பேசி 1953இல் சிறைக்கும் போனார். சயீத் சிறுவயதில் கெய்ரோவில் பார்த்த அந்த ஆட்டத்தை மறக்காமல், உலகமறிந்த பேராசிரியரான பிறகு, 1990இல் லண்டன் இதழ் ஒன்றில் எழுதினார். அவருடைய மானம் அதனால் போய்விடவில்லை. நம் நாட்டிலும் பார்க்கலாம். விராலிமலை முருகனுக்குப் பொட்டுக் கட்டப்பட்டு மலையேறிப் பாடி ஆடிய முத்துக்கண்ணம்மாளுக்கு 2022இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அதுவும் முருகன் மலைதான். விராலிமலையின் புகழ் குறைந்ததாகத் தெரியவில்லை.

பெரியவர் கட்டுரை முழுக்க ‘மானம்’ என்ற சொல் வருகிறது. கோயிலின் மானம், ஊரின் மானம், பெண்களின் மானம். ரங்கநாயகி அம்மாள் தன் பெயரையும் தன் பாட்டையும் தன் வாயாலேயே சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனவர். மறைக்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. சொல்லக் கூசுகிறவர்கள், ஆடல்மகளிர் வீடுகளின் திண்ணையில் உட்கார்ந்தவர்களின் பேரன்மார்கள். கூச்சம் உங்களுடையதாக இருக்கலாம், ஐயா. அதை அந்த அம்மாள் தலையில் கட்டாதீர்கள்.

கட்டுரையின் கடைசி வரியில், மலரில் பக்கங்கள் குறைவு, எல்லோருக்கும் இடம் கொடுக்க முடியாது என்று நடைமுறையும் பேசியிருக்கிறார். இடமில்லை என்று சொல்வதற்கு அவர் எடுத்துக்கொண்ட இடம் நான்கு பக்கம். அந்த அம்மாளுக்கு ஒன்று போதும்.